கட்டைவிரல் இருந்த இடம்

குனிந்தால் பாடுகிறது, நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது... நின்றுவிடுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, கடைசியாகப் பாடிய சுரத்தைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி ஒரே இழுப்பாக இழுக்கிறது, மறுபடி குனிந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை, நாலைந்து சுரம் தள்ளிப் போய்ப் பாட்டைப் பிடித்துக்கொள்கிறது, இது என்ன கூத்து, நான் குனிவதும் நிமிர்வதும் கம்ப்யூட்டரில் சொருகிய ஒரு பலகைக்கு எப்படித் தெரியும், அதற்குக் கண்ணா இருக்கிறது என்று அவள் நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள், சாய்ந்த நொடியே பூனை ஆரம்பித்துவிட்டது. அடுத்த அறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்த கணவர், வாரம் ஆறு நாள் பேருந்து ஓட்டுகிறவர், "ஏம்மா, பாட்டு போடறேன்னு சொல்லிட்டு அரை மணி நேரமா ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கியே, முன்னாடி யாராவது வழி விட மாட்டேங்கறாங்களா?" என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று நாற்பது. நாலு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் பிசியோதெரபி செய்யும் பெண் வந்துவிடுவாள்.

இன்றைக்கும் அவர் கையை நீட்டவில்லை என்றால் இனிமேல் வரமாட்டேன், கூப்பிட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அவளையும் குறை சொல்ல முடியாது, ஒன்பது நாளாக வந்து வாசலோடு திரும்புகிறாள். "நடக்கறாரு, பேசறாரு, என்னைத் திட்டறதுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடக் குழறலை, கை மட்டும் மடியில கிடக்கு, தொடவிட மாட்டேங்கறாரு" என்று அண்ணி போனில் சொன்னபோது அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே பிடிபடவில்லை. மூளையில் எங்கோ ஒரு சிறு குழாய் அடைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. ஒன்பது நாள் முன்புவரை பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தவன்தான், வலது கை முழங்கைவரை திரும்ப வந்துவிட்டது, விரல்கள்தான் பாக்கி என்றார் டாக்டர், அந்த நேரம் பார்த்து இந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறான். "தானே மாட்டினாரு, டிவியில எழுத்தெல்லாம் வந்துச்சு. அப்புறம் இடது கையால வலது கையைத் தூக்கி அந்தப் பலகை மேல வெச்சாரு, வெச்சு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு. சத்தமே வரலை. 'கையும் போச்சு, அதுவும் போச்சு'ன்னு சொல்லிட்டு எழுந்து போனவர்தான்" என்றாள் அண்ணி. அன்றைக்கே இவள் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் அள்ளினாள்? தெரிந்தா அள்ளினாள்? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இதில் என்ன தெரியும், வீட்டில் ஃபியூஸ் போனால்கூடக் கணவர் பணியிலிருந்து வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறவள் அவள்.

காரணம் இருக்கிறது. அவளுக்கு ஊமைக்கை என்று பெயர். இவள் கை பட்டால் எந்தப் பெட்டியும் வாய் திறக்காது என்று வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லி, சித்தப்பா சொல்லி, அத்தை சொல்லி, கல்யாணத்தன்று மைக் நின்றுபோனபோது "பொண்ணு பக்கத்துல வெக்காதீங்கப்பா" என்று அண்ணனே மேடையில் சொல்லி, மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த இவரும் சிரித்து... நாற்பது வருடம். தொடங்கியது இந்தப் பலகையில்தான். விசைப்பலகை அளவே இருக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்குப் பிறவியிலேயே குரல் கிடையாது, சும்மா டிக் டிக்கென்று கரண்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான், பதினாலு வயது அண்ணன் ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து அதற்குக் குரல் கொடுக்கிற பலகையைத் தானே செய்தான், நாற்பது கால் உள்ள ஒலிச் சிப் ஒன்று, பதினாலு கால் உள்ள குட்டிச் சிப் ஒன்று, கம்பிகள். கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் பிளவில் அது சொருகிக்கொள்ளும். மூன்று குரல் அதற்கு, ஒரே நேரத்தில் மூன்று சுரம். அவன் ஒரு பாட்டு எழுதினான், பாட்டென்றால் எண்கள், வரிசை வரிசையாக எண்கள். இரண்டு குரல் அவனுடையது. கீழே நடை போடுகிற மூன்றாவது குரலைப் பதினொரு வயதில் அவள் எழுதினாள், தாளில் கட்டம் கட்டி, அழித்து அழித்து. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது, அண்ணனுக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வந்தது, நீ கொண்டு போ என்றான். அவள் கொண்டு போனாள். திரையில் எண்கள் ஓடின, ஸ்பீக்கர் கம்மென்று இருந்தது. நடுவராக வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "பாட்டு எங்கம்மா?" அவள் சொன்னாள், "உள்ள ஓடிக்கிட்டிருக்கு சார்." சுற்றி நின்ற எல்லாரும் சிரித்த சிரிப்பு... "சரி, உள்ளயே ஓடட்டும்" என்று அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால், போர்வைக்குள்ளிருந்து எழுந்து வந்த அண்ணன் பலகையைக் கையில் பிடித்து மாட்டினான், ஓட்டினான், பாடியது. மூன்று குரலும். "பெட்டி நல்லாத்தான் இருக்கு, நீதான் என்னத்தையோ பண்ணியிருக்கே."

என்ன பண்ணினேன், என்ன பண்ணினேன் என்று எத்தனை வருடம் யோசித்திருக்கிறாள், பஸ்ஸில் குலுங்கியதா, மூன்றாவது குரலைச் சேர்த்ததால் பாரம் தாங்கவில்லையா, எண்ணுக்குப் பாரமுண்டா... சரி, அதை விடு, இதைப் பார். குனிந்தால் பாடுகிறது. குனியும்போது என்ன நடக்கிறது? மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைக்கிறாள், வெளிச்சமா, சூடா? விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்தாள், பாடியது. விளக்கில்லை. நாற்காலி முன்னால் வருகிறது, மேசை அசைகிறதா? எழுந்து நின்று குனிந்தாள், பாடியது. நாற்காலியில்லை. அப்புறம்தான், கடையில் கண்ணாடிச் சட்டத்தின் மூக்குப் பாலத்தைப் பார்க்கிற மாதிரி தன்னையே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது, தன் இடது கை கண்ணில் பட்டது. குனிகிற ஒவ்வொரு தடவையும் அது தானாகப் போய்ப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது, கீழே ஆள்காட்டி விரல், மேலே கட்டைவிரல். ஆட்டங்காணுகிற பலகை, பிடிக்காவிட்டால் சொருகிய இடத்தில் அசைந்து கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுபடி பாட்டின் எண்களைக் கேசட்டிலிருந்து நாலு நிமிடம் கீச்சுகீச்சென்று ஏற்ற வேண்டும், அதற்குப் பயந்து பிடிக்கிறாள், அண்ணன் பிடித்ததைப் பார்த்துப் பழகிய அதே பிடி. அப்படியென்றால் சொருகிய இடம்தான் கோளாறு! பிடித்தால் தொடுகிறது, விட்டால் விலகுகிறது, அவ்வளவுதானே, இதற்கா இவ்வளவு நேரம்! சுவிட்சை அணைத்துவிட்டு, பலகையின் பித்தளை வாயைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள், கறுப்பு கறுப்பாக உதிர்ந்தது, ஊதினாள், பலகையின் நுனிக்குக் கீழே தீப்பெட்டி ஒன்றை அணை கொடுத்தாள், இனி ஆட ஆரம்பித்தால் மேசையே ஆட வேண்டும், கேசட்டைப் போட்டாள், நாலு நிமிடம். ஓட்டினாள். எண்கள் ஓடின. கம்மென்று இருந்தது. பூனைகூட இல்லை. பாட்டு எங்கம்மா? உள்ள ஓடிக்கிட்டிருக்கு சார்.

ஐம்பத்தொரு வயதில் மறுபடியும் அதே கண்காட்சி மேசை. விட்டுவிடலாம், கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பண்ணுகிறவர் இருக்கிறார், கொடுத்துவிடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, கடை சாத்தியிருக்கும், மணி இரண்டு பத்து. கை தானாகப் போய்ப் பலகையைப் பிடித்தது. பாடியது. விட்டாள், பூனை. அட. தீப்பெட்டி இருக்கிறது, துளிகூட ஆடவில்லை, அப்புறம் எதற்குப் பிடித்தால் மட்டும்? அழுத்தமா? பென்சிலின் மொட்டை முனையால் அதே இடத்தில் அழுத்தினாள், பூனை. இன்னும் அழுத்தினாள், பூனை. விரலால் வெறுமனே, தூசி தட்டுகிற மாதிரி தொட்டாள், பாட்டு! பென்சிலுக்கு இல்லாதது விரலுக்கு என்ன இருக்கிறது? அழுத்தமில்லை, அப்படியானால் விரல், விரலேதான். சமையலறைக்கு ஓடிப் பாத்திரம் கழுவும் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு வந்து தொட்டாள், பூனை. உறையைக் கழற்றி எறிந்தாள், விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி வைத்தாள், பாட்டு, இப்போது ஒரு சுரம்கூடத் தடுக்கவில்லை. "என்னங்க," என்று கத்தினாள், "இங்க வாங்க, சீக்கிரம்." கணவர் செய்தித்தாளோடு வந்தார். "உங்க விரலை இங்க வையுங்க." "ஷாக் அடிக்குமா?" "டார்ச் லைட்டோட கரண்டுதான், வையுங்க." வைத்தார், பாடியது. எடுத்தார், பூனை. வைத்தார். "என் கையிலயும் பாடுதே" என்று சின்னப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோவும் வந்தது, அது என்ன என்று பார்க்க நேரமில்லை. "உங்க கையிலயும் பாடும், பால்காரர் கையிலயும் பாடும், நீங்க போய்ப் படுங்க." "வேலை முடிஞ்சதும் இறக்கி விட்டுடறா பாரு" என்றபடியே போனார்.

ஊமைக்கை என்று ஒன்று இல்லை. நல்ல கை என்றும் ஒன்று இல்லை. தோல்தான், கொஞ்சம் உப்பும் ஈரமும், கொஞ்சமாக மின்சாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான். ஆனால் எதிலிருந்து எதற்குக் கடத்துகிறது? அதுதானே கேள்வி. அண்ணன் அந்த நாளில் காற்றில் கை வீசி விளக்கியது ஞாபகம் வந்தது, ஒலிச் சிப்புக்குள் வரிசையாகப் பதினாறு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு எண், முதல் குரலின் சுருதி, இரண்டாவது குரலின் சத்தம் இப்படி, அறையில் என்ன எண் இருக்கிறதோ அதை அது பாடிக்கொண்டே இருக்கும், யாராவது வந்து மாற்றும்வரை. ஓ, அதுதான் பூனை! கதவு அடைத்துக்கொண்டால் எண்ணை மாற்ற ஆளில்லை, கடைசி எண்ணையே பாடுகிறது, வெளியே கம்ப்யூட்டர் பாவம் கதவு மூடியது தெரியாமல் அடுத்த சுரம் அடுத்த சுரம் என்று சொல்லிக்கொண்டே போகிறது, அதனால்தான் திறந்ததும் நாலு சுரம் தள்ளிப் பாட்டு கிடைக்கிறது. தொடக்கத்திலிருந்தே கதவு மூடியிருந்தால் அறைகளெல்லாம் காலி, மூச்சே வராது. கதவு எது? குட்டிச் சிப்தான் வாயில்காப்போன், பதினாலு கால்காரன். கட்டைவிரல் விழுகிற மூலைக்குக் கீழே இருப்பவனும் அவன்தான், சிப்களைக் கீழ்ப்பக்கம் தொங்கவிட்டு ஈயப் புள்ளிகள் மேலே தெரிகிற மாதிரிதான் அண்ணன் மாட்டியிருந்தான். பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, சுண்டுவிரலின் ஈர நகக்கண்ணை ஊசி முனை மாதிரி ஒவ்வொரு புள்ளியிலும் வைத்தாள். ஒன்று, பூனை. இரண்டு, பூனை. ஐந்துவரை பூனை. ஆறு... ஒரு கணம் பாடத் தொடங்கி விக்கியது. ஆறையும் ஏழையும் சேர்த்து வைத்தாள். பாட்டு. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். ஆறும் ஏழும். ஏழாவது கால் தரை, எல்லா மின்சாரமும் வேலை முடிந்து திரும்பிப் போகிற பொதுக்கம்பி, அது படத்தில்கூட எழுதியிருக்கும். ஆறு?

படம் இருக்கிறதே! துணிப்பையைக் கவிழ்த்தாள், பழைய கம்பிச் சுருள், ஈயச் சுருள், பற்றவைக்கும் கோல், கம்பித் தொடர்பு பார்க்கும் மல்டிமீட்டர், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வண்ண வளையம் போட்ட ரெசிஸ்டர்கள், அடியில் நாலாக மடித்த பத்திரிகைத் தாள். மடிப்பு வெளுத்துப் பஞ்சாகியிருந்தது. மெல்ல விரித்து, மடிப்பின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தாள். வாயில்காப்போனுக்கு இரண்டு காது, அதாவது ஐந்தாவது காலும் ஆறாவது காலும். ஐந்தில் கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது. ஆறு நிசப்தமாக இருக்க வேண்டும், ஒரு காதில் கூப்பாடும் மறு காதில் அமைதியும் இருந்தால்தான் கதவு திறக்கும், அதனால் ஆறாவது காலைத் தரையோடு கட்டிவிடு என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், நூல் மாதிரி ஒரு கோடு, அது மடிப்பின் மேலேயே விழுந்திருக்கிறது. பதினாலு வயதுப் பையன், தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டே திரிந்த பையன், மடிப்புக்கோடு என்று நினைத்து விட்டுவிட்டான். ஆறாவது கால் எதிலும் கட்டப்படாமல் அந்தரத்தில் தொங்கியது, தொங்குகிற காதில் காற்றிலிருக்கிற இரைச்சலெல்லாம் விழும், டிவியின் இரைச்சல், சுவரில் ஓடும் கரண்டின் இரைச்சல், வாயில்காப்போன் யாரோ கத்துகிறார்கள் என்று கதவை இறுக்கிக்கொண்டான். விரல் வைத்தால்? இரைச்சல் தோல் வழியாகப் பக்கத்துத் தரைக்கு வடிந்துவிடுகிறது. காதைப் பொத்திவிட்ட மாதிரி. மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆறிலும் மறு முனையைப் பலகையிலிருந்த மற்ற ஒவ்வொரு புள்ளியிலும் வைத்துப் பார்த்தாள், எங்கும் தொடர்பில்லை. அநாதை. நாற்பது வருடமாக அநாதை.

அப்படியானால் கண்காட்சியில்... மேசையில் வைத்திருந்தாள். பலகை ஆடாமலிருக்க அடியில் இரண்டு புத்தகம் கொடுத்து, கை படாமல், அழகாக, எல்லாரும் பார்க்கட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சரியாக வைத்ததுதான் தப்பு. அவள் பண்ணியது அதுதான், ஒழுங்காக வைத்தது! வீட்டில் அண்ணன் பிடித்துக்கொண்டான், பாடியது. இவ்வளவுதானா? இதற்கா? கண் கரித்தது, பூதக்கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தால் படம் முழுக்கக் குளமாகத் தெரியும், கடையில் அனுபவமுண்டு, கழற்றித் துடைத்துக்கொண்டாள். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, நெடுந்தூரம் தூக்கி வந்த பையைக் கீழே வைத்ததும் தோள் தானாக மேலே எழும்புமே, அது. மணி இரண்டு ஐம்பது.

ஒரு கம்பி போட்டாலும் போதும், ஆறையும் ஏழையும் நேரே இணைத்தாலும் காது அடைபடும், ஆனால் படத்தில் அந்தக் கோட்டின் நடுவே ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தது, பத்துக் கிலோ ஓம். மரியாதையாக அதையே போடுவோம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையம். டப்பாவில் தேடினாள், இருந்தது, அன்றைக்கே வாங்கி வைத்திருக்கிறான், பட்டியலில் இருந்ததென்று வாங்கியவன் அது மிச்சமானபோது எங்கே போட வேண்டியது இது என்று ஏன் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை? கோலைச் சூடேற வைத்தாள். பற்றவைக்கிற வேலை அவளுக்குப் புதிதில்லை, ஒடிந்த கம்பிச் சட்டங்களின் மூக்குப் பாலத்தை எத்தனை ஒட்டியிருக்கிறாள், ஊசிக்காது அளவு இடத்தில், பக்கத்துச் சாயம் கருகாமல். கடையில் முதலாளி, சிக்கலான சட்டம் வந்தால் "அம்மாகிட்ட கொடு, அது கைக்குத்தான் வரும்" என்பார், அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றுதான் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றவேயில்லை பார். கோலை எடுத்தவள் ஒரு கணம் நிறுத்தினாள். ரெசிஸ்டர் எதற்கு, அப்படியே கொண்டு போய், அண்ணா உன் கட்டைவிரலை இங்க வை, கொஞ்சம் அழுத்தி வை, அழுத்தினாத்தான் பாடும் என்று சொன்னால் என்ன? பாட்டுக்காகவாவது விரலை அசைப்பானே, இதைவிடப் பயிற்சி உண்டா? ஆனால் அசையாவிட்டால்? ஒருமுறை வைத்துப் பார்த்துத் தோற்றுப்போய்த்தானே மடியில் போட்டுக்கொண்டிருக்கிறான், வலுவில்லாத விரல் இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தொட்டிருக்காது. ஒரு பெட்டி பாடுவதும் பாடாததும் ஒருத்தருடைய கையைப் பொறுத்து இருக்கக் கூடாது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். கோலை வைத்தாள், ஈயம் ஒரு சொட்டு வெள்ளிபோல் ஓடிப் பிடித்துக்கொண்டது, ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று, நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை நறுக்கினாள்.

கேசட். நாலு நிமிடம். கீச்சு, இரைச்சல், கீச்சு. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட பிறகுதான் எங்கே எப்போது இப்படி நின்றோம் என்று உறைத்தது, இருக்கட்டும், இப்படியே நிற்போம். ஓட்டுவதற்கான பொத்தானை மட்டும் ஒரு விரலால் தட்டிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டாள். திரையில் எண்கள். ஒரு மூச்சு... முதல் குரல் வந்தது. அதன்மேல் இரண்டாவது ஏறிக்கொண்டது. எட்டு எண்ணினாள், ஏழு, எட்டு, கீழேயிருந்து மூன்றாவது குரல் நடந்து வந்தது, கால் தடுக்காமல், அவளுடையது, பதினொரு வயதில் கட்டம் கட்டி எழுதியது, ஓர் இடத்தில் தப்பாகக்கூட எழுதியிருக்கிறாள், அரைச் சுரம் கூடிவிட்டது, அதுவும் அப்படியே கூடிப்போய்ப் பாடியது. கணவர் வாசலில் வந்து நின்று, "வழி விட்டுட்டாங்க போலிருக்கே" என்றார். மூன்று நாற்பதுக்குப் போனை எடுத்தாள்.

"அண்ணி, போனை அவரோட காதுல வையுங்க. பேச மாட்டேன்னு சொன்னா பேச வேண்டாம், கேட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்தாள். பாட்டு முழுசாக ஒரு சுற்றுப் போனது. முடிந்து மறுபடி தொடங்கியபோது போனைக் காதில் வைத்தாள், மறுமுனையில் அண்ணனுடைய குரல், ஒவ்வொரு வார்த்தையையும் மேடு ஏறி இறக்குகிற மாதிரி. "ஏய் ஊமைக்கை. யாரு... பிடிச்சிருக்கா?"

"யாரும் பிடிக்கலை அண்ணா. மேசை மேல இருக்கு. கீழே ஒரு தீப்பெட்டி. ரெண்டு கையும் போன்லதான் இருக்கு."

"பொய்."

"உன் மாப்பிள்ளை இங்கதான் நிக்கறாரு, கேளு. ஒரு ரெசிஸ்டர் போட்டேன், அவ்வளவுதான். உன் கைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கேக்குதா? கை வேற, அது வேற. பெட்டி நல்லாத்தான் இருக்கு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாவது குரல் நடந்துகொண்டிருந்தது, அப்புறம் மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது, சிரிப்புமில்லை இருமலுமில்லை, ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒருவர் விடுகிற சத்தம், அப்பாடா என்பதை வாயில்லாமல் சொன்ன மாதிரி. "ஆறும் ஏழுமா?" என்றான் அண்ணன். "அந்த ஓரத்துல... ஆறாவது காலுக்கும் ஏழாவது காலுக்கும் நடுவுலயா போட்டே?"

"ஆமா" என்றாள், சொல்லிவிட்டுத்தான் நின்றாள். நான் எந்தக் காலென்று சொன்னேனா? ரெசிஸ்டர் போட்டேன் என்றேன், அவ்வளவுதான் என்றேன், எங்கே என்று சொல்லவில்லையே, அண்ணியிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூடச் சொல்லவில்லை... இடது கையால் வலது கையைத் தூக்கிப் பலகை மேல் வைத்தான் என்றாளே அண்ணி, எந்த இடத்தில் வைத்தான்? பலகை பாடுமா என்று பார்க்கவா வைத்தான், கட்டைவிரல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கவா? அப்படியென்றால் கோளாறு என் கையில் இல்லை என்று அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும்? இப்போதா, போன வருடமா, காய்ச்சலோடு போர்வையிலிருந்து எழுந்து வந்து அந்த மூலையைப் பார்த்துப் பிடித்தானே அன்றைக்கா, அதற்கும் முன்னாலா? மேடையில் மைக் நின்றபோது தெரியுமா? கேட்க வாயெடுத்தாள். அந்தப் பக்கம் அழைப்புமணி அடித்தது, அண்ணி, "அந்தப் பொண்ணு வந்துடுச்சுங்க, என்ன சொல்லட்டும்?" என்று கேட்பது தூரத்தில் கேட்டது, பதிலுக்கு அண்ணன், குழறாமல், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "உள்ள வரச் சொல்லு" என்றான். அப்புறம் போனுக்குள், "நீ வைக்காதே. ஓடட்டும். கேட்டுக்கிட்டே செய்யறேன்."

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், கேட்கலாம், நாளைக்கோ அடுத்த ஞாயிறோ, அவன் விரல் ஒன்றாவது மடங்கிய பிறகு. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பூனை வரவில்லை. ஆறாவது காலுக்கும் தரைக்கும் நடுவே பத்துக் கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. யாரும் தொடவில்லை. பாடுகிறது.